டபுள் பாஸ் குதிரையில் பிக்அப்: சேலத்தில் ஒரு சத்தம், ஏற்காட்டில் ஒரு சத்தம்

கன்னங்குறிச்சி_பாஸ்
வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என்னிடம் இருப்பது முக்கால் சைஸ் பிளைவுட் டபுள் பாஸ் (வயலின் மாதிரியே ஆள் உயரத்துக்கு நிற்கிற வாத்தியம்), சென்னையில் ஒருவர் வீட்டில் தூசி படிந்து கிடந்ததைப் பேசி வாங்கி வந்தேன். பாஸ் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தவன், இதற்கு மாறி நாலு வருஷம் ஆகிறது. கிட்டார், கஹோன் (உட்கார்ந்து தட்டுகிற மரப்பெட்டி), நான் என்று மூன்று பேர் குழு. சேலத்தில் கல்யாண ரிசப்ஷன், சனிக்கிழமைகளில் ஏற்காட்டில் ஒரு தங்கும் விடுதியில் வாசிப்பு, டிசம்பர் வந்தால் சர்ச். ஆம்னியில் முன்சீட் இரண்டுக்கும் நடுவே கழுத்தை நீட்டிவிட்டு இருபது கொண்டை ஊசி வளைவையும் ஏறி இறங்குகிறேன்.

போன வருஷம் வரை முன்னால் ஒரு மைக் வைத்துச் சமாளித்தேன். பிறகு குதிரையின் (கம்பிகளைத் தாங்கி நிற்கிற மரத்துண்டு) பக்கவாட்டு இறக்கைப் பிளவில் செருகுகிற மாதிரி, அதிர்வை மின்சாரமாக்குகிற ஒரு பீசோ பிக்அப் வாங்கிப் போட்டேன். பிளவு கொஞ்சம் அகலமாக இருந்ததால் பிக்அப் ஆடியது, செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப்பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒரு துண்டுத் தகடு வெட்டிக் கொடுத்தார், அதை வைத்து இறுக்கினேன்.

பிரச்சினை இதுதான். சேலத்தில் போன மாதம் ஒரு மண்டபத்தில் வாசித்தபோது தகர டப்பாவைத் தட்டுகிற மாதிரி சத்தம். விரல் கம்பியில் உரசுவது கேட்கிறது, சுரம் கேட்கவில்லை. இருப்பதிலேயே தடித்த ஈ கம்பி இருக்கிறதா என்றே தெரியவில்லை. அதே பாஸ், அதே பிக்அப், அதே வாரம் ஏற்காட்டில் வாசித்தால் சத்தம் குண்டாக வருகிறது, சில சுரங்களில் "ஊம்ம்" என்று தானாகக் கத்தவும் ஆரம்பிக்கிறது. மலையின் ஈரமா, உயரமா? குதிரைக் காலடியில் வைக்கிற பிக்அப்புக்கு மாறிவிடலாமா, இல்லை உயரம் கூட்டிக் குறைக்கும் சக்கரத்துக்குள்ளேயே பிக்அப் இருக்கிறதே, அதை வாங்கலாமா? அரை மாதச் சம்பளம் போகும், அதனால்தான் கேட்கிறேன்.

பின்வரிசை_வயலின்
ஈரம்தான், சந்தேகமே வேண்டாம். நாங்கள் மிருதங்கக்காரரோடு மலைக்குப் போனால் தோல் தளர்ந்து அவர் கல்லும் கையுமாகத் தட்டிக்கொண்டே இருப்பார். மரமும் அப்படித்தான். மூடுபனியில் மரம் ஊறினால் சத்தம் குண்டாகும், கீழே காய்ந்தால் தகரமாகும்.

மைக்செட்_25வருஷம்
தம்பி, பிக்அப் வாங்குவது அப்புறம். முதலில் ஒன்று சொல்லுங்கள். மண்டபத்தில் பிக்அப் வயரை எதில் செருகினார்கள், விடுதியில் எதில் செருகினீர்கள்? நடுவில் என்ன பெட்டி இருந்தது? எத்தனை மீட்டர் வயர்?

கன்னங்குறிச்சி_பாஸ்
அண்ணே, மண்டபத்தில் பெட்டி எதுவும் இல்லை. மேடையிலிருந்து மிக்சர் வரை ஒரே வயர், 20 மீட்டர் இருக்கும், நேராக லைன் இன்புட். விடுதியில் எங்கள் கிட்டார் தம்பியின் அக்கூஸ்டிக் ஆம்ப், என் சொந்த 3 மீட்டர் வயர்.

மைக்செட்_25வருஷம்
இதோ மாட்டிக்கொண்டது. மலை மேல் பழி போடாதீர்கள், பாவம்.

பீசோ என்பது சர்க்யூட்டில் பார்த்தால் ஒரு சின்ன கெப்பாசிட்டர். அதை எதில் செருகுகிறோமோ அதன் இன்புட் ரெசிஸ்டன்ஸ் குறைவாக இருந்தால் கீழ் ஸ்தாயி எல்லாம் வடிந்துவிடும், மேலே உள்ள கிறீச் மட்டும் போய்ச் சேரும். மல்டிமீட்டரில் கெப்பாசிட்டன்ஸ் வைத்து உங்கள் பிக்அப்பை அளந்து பாருங்கள். என் கையில் ஒரு முறை வந்த இதே மாதிரிப் பிக்அப் 2.2 நானோஃபாரட் காட்டியது, அதையே வைத்துக் கணக்குப் போடுகிறேன். வயருக்கு மீட்டருக்கு 100 பிக்கோ என்று வைத்தால் 20 மீட்டருக்கு 2 நானோ. மொத்தம் 4.2. மிக்சர் லைன் இன்புட் பொதுவாக 10 கிலோ ஓம். 2 பை ஆர் சி-யால் ஒன்றை வகுத்தால் சுமார் 3,800 ஹெர்ட்ஸ் வரும். அதற்குக் கீழே போகப் போக சத்தம் சரிந்துகொண்டே போகும். உங்கள் ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ். நூறில் ஒரு பங்குதான் மிக்சருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். இதில் வயரே பிக்அப் கொடுப்பதில் பாதியைத் தின்றுவிட்டது வேறு. விரல் உரசுவது கேட்டதே, அது மேலே இருக்கிற சத்தம், அதனால் தப்பித்தது.

விடுதி ஆம்பில் இன்புட் ஒரு மெகாஓம் இருக்கும் என்று வையுங்கள். 3 மீட்டர் வயரோடு சரிவு 64 ஹெர்ட்ஸில்தான் தொடங்கும். ஜி கம்பி, 98 ஹெர்ட்ஸ், ஏறக்குறைய முழுசாக வரும், ஈ கம்பி பாதிக்குக் கொஞ்சம் மேலே வரும். அதுவே உங்களுக்குக் குண்டாகத் தெரிந்திருக்கிறது. 10 மெகாஓம் இன்புட் உள்ள ப்ரீஆம்ப் (மிக்சருக்கு முன்னால் வைக்கிற சின்னப் பெட்டி) ஒன்றைப் பாஸ் காலடியிலேயே வைத்துப் பாருங்கள், சரிவு 6 ஹெர்ட்ஸுக்குப் போய்விடும், காதுக்கு அது இல்லவே இல்லை என்று அர்த்தம்.

ஈரத்தைப் பற்றிச் சொன்ன ஐயாவுக்கு: தோல் வேறு, பிளைவுட் வேறு. மாலையில் ஏற்றி ராத்திரியே இறக்கினால் பிளைவுட் அந்த அளவுக்கு ஊறாது.

பின்வரிசை_வயலின்
சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் வயலின் கான்டாக்ட் மைக்கும் இதே தகரச் சத்தம்தான், பத்து வருஷமாக சபாக்காரர்களைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். இப்போது யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை.

ஐந்துரோடு_ஷார்ப்
இவ்வளவு எதுக்கு? பிக்அப்பை ஃபெவிக்விக் போட்டு குதிரையில் ஒட்டிடுங்க, மிக்சர்ல லோ எல்லாத்தையும் ஏத்திடுங்க, முடிஞ்சது.

சேர்வராயன்_செல்லோ
அய்யோ வேண்டாம் தம்பி. ஒட்டினால் பிறகு கழற்ற முடியாது, பீசோத் தகடு விரிசல் விட்டால் குதிரையோடு தூக்கிப் போட வேண்டியதுதான். இல்லாத கீழ் ஸ்தாயியை மிக்சரில் எவ்வளவு ஏற்றினாலும் இரைச்சல்தான் ஏறும்.

கன்னங்குறிச்சித் தம்பிக்கு: நான் மலை மேல் இருக்கிறேன், செல்லோ வாசிப்பேன், இங்கே வருகிற பெரிய வாத்தியங்களுக்குச் சின்னச் சின்ன ரிப்பேர் பார்ப்பேன். மைக்செட் அண்ணன் சொன்னது முழுக்கச் சரி, ஆனால் பாதிக் கதைதான். இறக்கைப் பிளவில் செருகுகிற பிக்அப்புக்கு உயிரே அந்தப் பொருத்தம்தான். குதிரை அதிரும்போது அந்தப் பிளவு கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மூடித் திறக்கிறது, அந்த அமுக்கம்தான் பீசோவில் மின்சாரமாகிறது. தளர்வாக இருந்தால் அமுக்கமே போய்ச் சேராது. ரொம்ப இறுக்கினால் இறக்கை அசைய முடியாமல் சத்தம் மூக்கடைத்த மாதிரி வரும், இன்னும் கொஞ்சம் தள்ளினால் இறக்கை பிளந்தே போகும். மேப்பிள் குதிரை கெட்டியான மரம்தான், ஆனால் அந்த இடம் மெலிசு. கட்டை விரலால் அழுத்தினால் உள்ளே போக வேண்டும், குதிரையைச் சுண்டினால் விழக்கூடாது. இவ்வளவுதான் அளவு.

வெள்ளித் தகடு என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜி கம்பியில் மேலே வாசிக்கும்போது "இர்ர்" என்று ஒரு சின்ன நடுக்கம் வருகிறதா?

கன்னங்குறிச்சி_பாஸ்
வருகிறது அக்கா! அது கம்பி பலகையில் அடிக்கிறது என்று நினைத்துக் கம்பியை ஒரு மில்லி உயர்த்திக்கூடப் பார்த்தேன். போகவில்லை.

சேர்வராயன்_செல்லோ
அது உங்கள் வெள்ளி பாடுகிறது. உலோகத் தகடு மரத்தின் மேடு பள்ளத்தோடு ஒட்டாது, ஒரு ஓரம் தூக்கி நிற்கும், அந்த ஓரம் அதிரும். அதை எடுத்துவிட்டு பிளைவுட் கடையில் கிடைக்கிற தேக்கு வெனீரை நகம் அளவு வெட்டி, உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து, செருகிப் பார்த்துப் பார்த்து மெலிசாக்குங்கள். வெனீர் அரை மில்லி இருக்கும், உங்களுக்கு அதைவிடக் குறைவாகத்தான் தேவைப்படும். அவசரப்படாதீர்கள், எனக்கு ஒரு மத்தியானம் முழுக்க ஆனது. தேய்த்தது அதிகமாகிவிட்டால் புதுத் துண்டு எடுங்கள், பசை வேண்டாம்.

செவ்வாய்ப்பேட்டை_கொலுசு
நான்தான் அந்தத் தகடு கொடுத்தவன். கொலுசுக்கு ஓட்டின தகடு, ரோலரில் இழுத்து ஒரே சீராக இருக்கும், எங்கே மேடு பள்ளம்? எங்கள் தொழிலில் தகடு சரியில்லை என்று சொன்னால் வருத்தமாக இருக்காதா.

சேர்வராயன்_செல்லோ
அண்ணா, தகடு சீராகத்தான் இருக்கும். சீராக இல்லாதது பிளவு, அது கையால் ரம்பம் போட்டது. உங்கள் தகடு சீராக இருப்பதுதான் இங்கே பிரச்சினையே!

செவ்வாய்ப்பேட்டை_கொலுசு
அப்படியென்றால் சரி. வயர் செருகுகிற ஜாக்கில் நான் வைத்த பற்று (சாலிடர்) எப்படி இருக்கிறது தம்பி, அதையாவது சொல்.

கன்னங்குறிச்சி_பாஸ்
பற்று கல்லு மாதிரி இருக்கிறது அண்ணா. பிக்அப்பிலிருந்து வருகிற மெல்லிய வயரைத்தான் கவனிக்க வேண்டியிருக்கிறது. ஒரு தடவை யாரோ மேடையில் காலில் வயரை இழுத்துவிட்டார்கள், நேராகக் குதிரையையே இழுத்தது. இப்போது ஜாக்கை டெயில்பீஸில் (கம்பிகளின் கீழ் முனையை மாட்டுகிற கட்டை) கட்டி, நடுவில் வயரை ஒரு சுற்றுத் தளர்வாக விட்டிருக்கிறேன்.

மல்டிமீட்டரில் அளந்தேன். 2.1 காட்டுகிறது, மைக்செட் அண்ணன் வாய் முகூர்த்தம்.

சரி, பொருத்தத்தையும் இன்புட்டையும் சரி செய்துவிட்டால் வேறு பிக்அப்பே தேவையில்லையா? காலடியில் வைக்கிற செப்புத் தகடு வகை இயற்கையாகக் கேட்கும் என்கிறார்களே.

சேர்வராயன்_செல்லோ
கேட்கும். டேவிட் கேஜ் ரியலிஸ்ட் அந்த வகைதான், ஈ பக்கத்துக் காலுக்கும் மேல்பலகைக்கும் நடுவே செப்புத் தகடு உட்காரும், அந்தக் காலுக்கு அடியில்தான் உள்ளே பாஸ் பார் என்கிற நீள மரச்சட்டம் ஓடுகிறது. மரத்தின் அதிர்வு நிறைய வரும், அதனாலேயே சத்தமான மேடையில் கத்தவும் சீக்கிரம் கத்தும். ஃபிஷ்மன் ஃபுல் சர்க்கிள் சக்கரத்துக்குள் இருப்பது, சுரம் தெளிவாக வரும், ஆனால் உங்கள் குதிரையில் ஏற்கனவே சக்கரத் திருகு இருக்க வேண்டும், புரி அளவும் பொருந்த வேண்டும். சக்கரத்திலிருந்தே வயர் புறப்படுவதால் உயரத்தை மாற்றும்போது வயரையும் கூடவே சுற்றிக்கொண்டு போகணும். சக்கரம் இல்லாத குதிரை என்றால் கால்களை அறுத்து, இரண்டு துளையும் ஒன்றுக்கொன்று இணையாகப் போட வேண்டும். கதவு நிலை செய்கிற ஒரு ஆசாரியிடம் நான் ஒரு முறை கொடுத்தேன், நல்ல கைக்காரர், ஆனால் ஒரு துளை அரை மில்லி சாய்ந்துவிட்டது, குதிரை வாழ்நாள் முழுக்க நொண்டியது. அவர் மேல் தப்பில்லை, சாய்வைக் கேட்டுச் சொல்ல வேண்டியவள் நான்.

எந்த வகை என்றாலும் ஒன்று. கம்பி நாலையும் ஒரே நேரத்தில் தளர்த்திவிடாதீர்கள். உள்ளே ஜி பக்கத்துக் காலுக்குச் சற்றுப் பின்னால் சவுண்ட் போஸ்ட் என்கிற மரக்குச்சி நிற்கிறது, பசை கிடையாது, கம்பி அமுக்கத்தில்தான் நிற்கிறது. அமுக்கம் போனால் டொக் என்று விழும். இறக்கைப் பிக்அப் என்றால் கம்பியைத் தொடவே வேண்டாம், அதுதான் அதன் பெரிய சௌகரியம். காலடி வகை என்றால் டெயில்பீஸுக்கு அடியில் துண்டை மடித்து வைத்து, குதிரைக் கால் இருக்கிற இடத்தைப் பென்சிலால் சுற்றிக் குறித்துக்கொண்டு, காலைத் தூக்க எவ்வளவு தளர்த்தணுமோ அவ்வளவு மட்டும். முடிந்ததும் சுருதி ஏற்றும்போது குதிரையின் தலை விரல்பலகைப் பக்கம் சாயும், ஒவ்வொரு கம்பி ஏற்றினதும் பார்த்துப் பின்னால் இழுத்துவிடணும்.

அடிவாரத்து_காது
எல்லாரும் பிக்அப் பிக்அப் என்கிறீர்கள். டபுள் பாஸ் சத்தம் குதிரையிலா இருக்கிறது? அந்தப் பெரிய வயிற்றிலும் முன்னால் இருக்கிற காற்றிலும் இருக்கிறது. வில் போட்டு வாசித்துப் பாருங்கள், பீசோவில் ரம்பம் அறுக்கிற மாதிரி கேட்கும். ஒரு நல்ல மைக், ஒரு அடி தள்ளி. போதும்.

மைக்செட்_25வருஷம்
நீங்கள் சொல்வது ரெக்கார்டிங்குக்குச் சரி சார். வில் விஷயத்திலும் சரிதான், பீசோவுக்கு வில் ஆகாது. ஆனால் ரிசப்ஷன் மேடையில் ஒரு அடி தள்ளி மைக் வைத்தால் பாஸை விட அதிகமாக கஹோன், மாப்பிள்ளைத் தோழர்கள், தட்டுவடை செட் சாப்பிடுகிற சத்தம் எல்லாம் அதில் வரும். கொஞ்சம் ஏற்றினால் கத்தும். நான் செய்வது: மைக்கைப் பஞ்சில் சுற்றி டெயில்பீஸுக்குக் கீழே செருகிவிடுவேன், பிக்அப்பை முக்கால், மைக்கைக் கால். இரண்டையும் கலக்கும்போது ஃபேஸ் பட்டனை ஒரு தடவை தட்டிப் பாருங்கள், எதிரெதிராக இருந்தால் கீழ் ஸ்தாயி ஒன்றையொன்று தின்றுவிடும், எந்தப் பக்கம் தட்டினால் சத்தம் குண்டாகிறதோ அதுதான் சரி.

தம்பி கேட்ட "ஊம்ம்" விஷயம். எந்தச் சுரத்தில் வருகிறது?

கன்னங்குறிச்சி_பாஸ்
ஏ கம்பியில் சி, சி ஷார்ப். சில நாள் திறந்த டி கம்பியிலும். ஆம்ப் என் முதுகுக்குப் பின்னால், ஒரு மேசை மேல்.

மைக்செட்_25வருஷம்
65லிருந்து 73 ஹெர்ட்ஸ். வாத்தியத்தின் வயிற்றுக்குள் இருக்கிற காற்றே அந்தப் பக்கத்தில்தான் அதிரும், ஆம்ப் அதே சத்தத்தை முதுகில் இருந்து உள்ளே ஊதுகிறது, அது குதிரையை ஆட்டுகிறது, பிக்அப் மறுபடி ஆம்புக்கு அனுப்புகிறது. சுற்றிச் சுற்றிப் பேய் மாதிரி. ஆம்பை மேசையிலிருந்து இறக்கிப் பக்கவாட்டில் வையுங்கள், மேல்பலகையில் இருக்கிற எஃப் துளைகளைப் பஞ்சால் அடைத்துப் பாருங்கள். ஹைபாஸ் (ஓர் அளவுக்குக் கீழே உள்ளதை வெட்டுகிற ஃபில்டர்) இருந்தால் 40ல் வெட்டுங்கள், ஈ கம்பிக்குக் கீழே உங்களுக்கு ஒன்றும் தேவையில்லை. அதற்கும் அடங்கவில்லை என்றால் அந்த ஒரு இடத்தை மட்டும் குறைக்கிற நாட்ச் ஃபில்டர் போடுங்கள். பாஸ் குமிழை மொத்தமாகத் திருகிக் குறைத்தால் மறுபடி தகர டப்பாதான்.

பின்வரிசை_வயலின்
மன்னிக்கவும், நான் இன்னும் ஈரத்தை விடவில்லை. ஒரு வாரம் மலையிலேயே வைத்திருந்தால்?

சேர்வராயன்_செல்லோ
அது உண்மை, விட வேண்டாம் ஐயா. குடைந்து செய்த பலகை என்றால் மழைக்காலத்தில் மேல்பலகை உப்பி கம்பி ஒன்றரை மில்லிகூட உயரும், ஏப்ரலில் சேலம் இறங்கினால் அதே கம்பி படுத்துக்கொள்ளும். பிளைவுட்டில் குறைவு. ஆனால் குதிரை மேப்பிள்தானே, அதன் பிளவும் கொஞ்சம் சுருங்கி விரியும். அதனால் சீசன் மாறும்போது வெனீர் இறுக்கத்தை விரலால் தொட்டுப் பாருங்கள். நான் தடிமன் கொஞ்சம் வித்தியாசமாக இரண்டு துண்டு வைத்திருக்கிறேன், ஒன்றில் "ம", இன்னொன்றில் "வெ" என்று பென்சிலால் எழுதி. மழை, வெயில்.

கன்னங்குறிச்சி_பாஸ்
மூன்று வாரம் கழித்து வருகிறேன். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளியை எடுத்தேன். வெனீர் நாலாவது துண்டில்தான் பொருந்தியது, முதல் மூன்றும் தேய்த்துத் தேய்த்துக் காற்றில் பறந்துவிட்டன. "இர்ர்" போய்விட்டது. சாலிடர் தெரிந்த ஒரு தம்பியிடம் சொல்லி ஒரு ஜேஃபெட் (ஒரு வகை டிரான்சிஸ்டர்), 10 மெகாஓம் ரெசிஸ்டர், 9 வோல்ட் பேட்டரி வைத்து, மைக்செட் அண்ணன் சொன்ன ப்ரீஆம்ப் வேலையைப் பார்க்கிற சின்ன பஃபர் செய்து பழைய அலுமினியப் பெட்டியில் அடைத்தாயிற்று. பாஸிலிருந்து பெட்டிக்கு ஒரு மீட்டர் வயர், அங்கிருந்து டிஐ (நீள வயருக்கும் மிக்சருக்கும் ஏற்ற மாதிரி சிக்னலை மாற்றுகிற பெட்டி), அப்புறம்தான் மிக்சர். போன வியாழன் அதே மண்டபம், அதே மிக்சர். ஈ கம்பி வந்தது. வந்தது என்றால், சவுண்ட் போர்டில் நின்ற பையன் திரும்பி என்னைப் பார்த்தான், அந்த அளவுக்கு வந்தது. சீரியல் செட் போட்டதும் மட்டும் கொஞ்சம் ஹம், இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்ததும் குறைந்தது.

சந்தோஷமாக எழுதி முடிக்கலாம் என்று பார்த்தால் ஞாயிற்றுக்கிழமை மலையில் ஒரு சர்ச்சில் இரண்டாவது பாட்டு நடுவில் சத்தம் சுத்தமாக நின்றுவிட்டது. வெனீரா, வயரா, பற்றா என்று வாசித்துக்கொண்டே வியர்த்தேன். பாதிரியார் ஒன்றும் கவனிக்கவில்லை, மர உத்தரம் போட்ட கூரை, பாஸ் தானாகவே போய்ச் சேர்ந்தது, கோரஸ்காரர்கள் கொஞ்சம் மெதுவாகப் பாடினார்கள். வெளியே வந்து திறந்து பார்த்தால் பேட்டரி. பெட்டிக்குள் வயரைச் செருகினாலே ஆன் ஆகிற மாதிரிதான் தம்பி செய்திருக்கிறான், வியாழன் ராத்திரி செருகியதை ஞாயிறு வரை கழற்றவே இல்லை. இப்போது பெட்டி மூடியில் "வயரைப் பிடுங்கு" என்று மார்க்கரில் எழுதியிருக்கிறேன், உறையில் இரண்டு பேட்டரி, பஞ்சு சுற்றிய மைக் ஒன்று.

மைக்செட்_25வருஷம்
அந்த மைக்கை மறக்காதீர்கள். சம்பளப் பணத்துக்கு?

கன்னங்குறிச்சி_பாஸ்
புது பிக்அப் வாங்கவில்லை அண்ணே. வில்லுக்கு இன்னும் ரம்பம்தான், அடிவாரத்து சார் சொன்னது அப்படியே. கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு நல்ல மைக் பார்க்கிறேன்.

செவ்வாய்ப்பேட்டை_கொலுசு
எல்லாம் சரி தம்பி. அந்தத் தகடு ஒரு கிராம் இருக்கும், செவ்வாய்ப்பேட்டை வரும்போது மறக்காமல் எடுத்து வா.